கடற்கரைத் தச்சரின் இழைப்புளி: அன்றும் இன்றும்

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன் வழியாக ராமேஸ்வரம் வரையிலும், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரையிலும் நீளும் கடற்கரையில் மரவேலை தெரிந்த கைக்கு ஒரு காலத்தில் ஓய்வு கிடையாது. படகு கட்டும் இடம் கடலோரத்தில் இருந்தது. கதவும் கட்டிலும் செய்யும் பட்டறை ஊருக்குள் இருந்தது. இரண்டு இடத்திலும் தச்சரின் கையை விட்டு இறங்காத கருவி இழைப்புளி. அதை அவர் பெரும்பாலும் கடையில் வாங்கியதில்லை. வீட்டுத் திண்ணையிலோ கொல்லைப்புறத்து வேப்பமர நிழலிலோ உட்கார்ந்து, தன் கைக்கும் தன் வேலைக்கும் ஏற்ற அளவில் தானே செய்துகொண்டார்.

இன்று அதே ஊர்களில் மரவேலை நடக்கும் இடத்தை மின் இழைப்பானின் இரைச்சலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். மர இழைப்புளி பரணில் கிடக்கிறது. சில வீடுகளில் பழைய சாமான் வாங்க வருபவரிடம் எடைக்குப் போய்விட்டது. ஒரு மனித ஆயுளுக்குள் நடந்து முடிந்த மாற்றம் இது. இதில் நாம் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. இழந்ததில் ஒரு பகுதியை ஒரு வீட்டுப் பட்டறையின் அளவிலேயே மீட்டுவிட முடியும் என்பது என் நம்பிக்கை.

அன்று: கடலுக்காக இழைத்த மரம்

இந்தக் கடற்கரையின் படகுகள் பலகைப் படகுகள். வத்தை, வள்ளம், தோணி என்று பெயரும் வடிவமும் ஊருக்கு ஊர் மாறின. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் பாக் நீரிணைப் படகுகளையும் விவரித்தார். ஆழமில்லாத கடலில் பாய் விரித்து ஓடும்போது படகு சாயாமலிருக்கக் குறுக்கே நீட்டும் பலகையில் ஆட்கள் ஏறி உட்காரும் முறை அவர் கவனத்தை ஈர்த்தது.

அப்படிப்பட்ட படகு நீர் புகாமல் நிற்பது பலகையின் விளிம்பைப் பொறுத்தது. ஒரு பலகையின் விளிம்பும் அடுத்த பலகையின் விளிம்பும் நீளம் முழுக்க ஒட்டி உட்கார வேண்டும். மிஞ்சும் இடுக்கில் பஞ்சுத் திரியைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள். ஆனால் இடுக்கு அகலமாக இருந்தால் எந்தத் திரியும் நிற்காது. படகு வேலைக்கு நீள இழைப்புளி தேவைப்பட்டது இதனால்தான். குட்டையான இழைப்புளி பலகையின் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கி, உள்ள கோணலை அப்படியே விட்டுவிடும். நீண்ட இழைப்புளி பள்ளத்தின் மேல் பாலம்போல் நின்று மேட்டை மட்டும் சீவும். இரண்டு முழ நீளக் கட்டையைத் தள்ளுவதற்கு ஒருவர் போதாதபோது, முன்பக்கம் ஒரு குறுக்குக் கட்டையைப் பொருத்தி, எதிரே நின்று இன்னொருவர் இழுப்பார். தள்ளுபவரின் மூச்சும் இழுப்பவரின் மூச்சும் சேர்ந்து ஓடினால்தான் பலகை நேராகும்.

அப்துல் கலாம் பிறந்து வளர்ந்த சூழல் இதுதான். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிச் செல்ல அவருடைய தந்தை ஜைனுலாப்தீன், உறவினர் ஒருவரின் துணையுடன் கடலோரத்தில் மரப்படகு கட்டினார். 1931இல் பிறந்த கலாம் அப்போது சிறுவன். விறகுத் தீயின் வெப்பத்தில் மரம் பதமாவதையும், படகு கொஞ்சம் கொஞ்சமாக உருவெடுப்பதையும் பார்த்துக்கொண்டிருந்ததைப் பின்னாளில் தன் வாழ்க்கைக் கதையில் எழுதினார். பிறகு வந்த ஒரு புயல் அந்தப் படகைக் கொண்டுபோனதையும் எழுதினார்.

நீரிணைக்கு அக்கரையிலும் இதே தொழில் செழித்திருந்தது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், ஒரு அமெரிக்கரால் வாங்கப்பட்டு, 1938இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. தமிழ்த் தச்சர்கள் கைக்கருவிகளால் இழைத்துப் பொருத்திய மரம் பெருங்கடலைத் தாங்கியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அன்று: இழைப்புளி உருவான விதம்

நல்ல இழைப்புளிக்கு முதல் தேவை வைரம் பாய்ந்த, பல ஆண்டு காய்ந்த கட்டை. ஐரோப்பியத் தச்சர் இதற்கு பீச் மரத்தையும், ஜப்பானியத் தச்சர் வெள்ளை ஓக் மரத்தையும் தேர்ந்தார்கள். வறண்ட ராமநாதபுரம் மண்ணில் நாட்டுக் கருவேலமும் புளியும் பூவரசும் இருந்தன. பெரிய வேலையில் மிச்சப்பட்ட துண்டு, இடித்த வீட்டின் உத்தரத்தில் அறுத்த துண்டு என்று நல்ல கட்டை கண்ணில் பட்டால் தச்சர் எடுத்து வைத்துக்கொள்வார். அது பட்டறைக் கூரையின் கீழ் ஆண்டுக்கணக்கில் வெயிலையும் மழையையும் உணர்ந்து, தன் கோணலையெல்லாம் காட்டி முடித்த பிறகுதான் உளி படும்.

கட்டையை எப்படித் திருப்பி வைப்பது என்பதில் பாதித் தொழில் இருக்கிறது. மரத்தின் நார் ஓட்டம் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் போகப் போகக் கீழ்நோக்கி இறங்க வேண்டும். அப்போதுதான் தள்ளும்போது இழைப்புளியின் அடிப்பாகம் எதிலும் சிக்காமல் ஓடும். திருப்பி வைத்தால் அடியின் நாரே மெல்லமெல்லப் பெயரும். கட்டையின் முனையில் தெரியும் வளையங்கள் அடிக்கு நேர்க்குத்தாக நின்றால் ஈரத்தில் வீங்கும்போது கோணல் குறையும்.

அடுத்தது வாய் வெட்டுவது. கட்டையின் மேலிருந்து அடிவரை சாய்வாக உளியால் குடைய வேண்டும். மரத்தைச் சீவும் எஃகுத் தகடு சாயும் சரிவு ஏறக்குறைய 45 பாகை. கருவேலம்போல் நார் பின்னிய கடின மரங்களை இழைக்க வேண்டுமானால் சரிவு இன்னும் நிமிர்ந்து 50 பாகைக்கு மேல் போகும். நிமிர்ந்த தகடு தள்ளக் கனக்கும், ஆனால் நாரைப் பிய்க்காது. அடியில் தகட்டின் முனைக்கும் கட்டைக்கும் நடுவே விடும் சந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். சந்து குறுகலாக இருந்தால் சீவல் உயரும் இடத்தைக் கட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், நார் முன்னோக்கிப் பிளக்காது. அகலமாகிவிட்டால் பலகை முழுக்கச் செதில் பெயரும். மேலிருந்து குடைந்து வந்து கடைசி மெல்லிய ஏட்டைத் திறக்கும் நேரத்தில் கை கொஞ்சம் அவசரப்பட்டாலும் அதுவரை செய்த வேலை முழுவதும் வீண்.

தகட்டை அடித்துத் தருவது கொல்லர். தச்சர் வீடும் கொல்லர் வீடும் ஒரே தெருவில் இருந்த ஊர்கள் பல. எஃகு எவ்வளவு கடினம் வேண்டும், எந்த மரத்துக்கு என்று இருவரும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். தகட்டை இறுக்க மர ஆப்பு. தகட்டைக் கீழே இறக்க அதன் தலையில் ஒரு தட்டு, மேலே ஏற்றக் கட்டையின் பின்பக்கத்தில் ஒரு தட்டு. திருகும் மரையும் கிடையாது. காதும் விரலுமே அளவுகோல். ஆப்பு சரியாக இறுகியதா என்பதைத் தட்டும் ஓசையில் அறிந்தார்கள்.

ஒரு தச்சரிடம் ஒரே இழைப்புளி இருந்ததில்லை. பலகையைக் கரடு நீக்க ஒன்று, நேராக்க ஒன்று, கடைசி மெருகுக்கு ஒரு சாண் நீளத்தில் ஒன்று. படகின் உள்வளைவை இழைக்க அடி வளைந்த ஒன்று. கதவுப் பலகை உட்காரப் பள்ளம் எடுக்க ஒன்று. நிலைக்காலின் ஓரத்தில் வளைவும் வரியும் எடுக்க, அந்த வடிவத்துக்கு எதிர்வடிவமாக அடி செதுக்கப்பட்ட பல இழைப்புளிகள். 1985இல் பிரிக்கப்படும்வரை செட்டிநாட்டு ஊர்களில் பெரும்பாலானவை பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தன. அங்கே பர்மா தேக்கில் செய்த நிலைகளின் ஓரங்களில் ஓடும் நுண்ணிய வரிகளெல்லாம் இப்படிப்பட்ட கருவிகளின் கைவண்ணம். வீட்டுக்காரர் புதிய வடிவம் கேட்டால் முதலில் அந்த வடிவத்துக்கான இழைப்புளியைச் செய்வார்கள், பிறகுதான் நிலையைத் தொடுவார்கள்.

பட்டறைக்கு வேலை கற்க வரும் பையனின் முதல் வேலை தரையைக் கூட்டுவது. அதிலேயே பாடம் தொடங்கிவிடும். உடையாமல் சுருண்டு விழும் நீளச் சீவல் எந்தக் கருவியிலிருந்து வந்தது, தூளாக உதிர்ந்தது எதிலிருந்து என்று அவன் பார்த்துக்கொண்டே இருப்பான். ஆயுத பூஜையன்று எல்லா இழைப்புளிகளையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவார்கள். கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களில் தச்சரான சூசையப்பரின் திருநாள் வரும். கீழக்கரையிலும் ராமேஸ்வரத்திலும் படகு கட்டிய இஸ்லாமிய ஓடாவிமார்களும் இருந்தார்கள். மதம் எதுவானாலும் தன் கையால் செய்த கருவியின் மேல் அவர்களுக்கு இருந்த மரியாதை ஒன்றுதான்.

மாற்றம் வந்த வழி

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. முதலில் இரும்பு இழைப்புளி வந்தது. அமெரிக்கர் லெனார்ட் பெய்லி உருவாக்கிய, திருகால் தகட்டை ஏற்றி இறக்கும் இரும்பு இழைப்புளியை ஸ்டான்லி நிறுவனம் 1869இல் தன்வசமாக்கி உலகெங்கும் விற்றது. இந்தியாவில் பின்னாளில் ஜலந்தர் வட்டாரத் தொழிற்சாலைகள் இதே மாதிரியைச் செய்தன. கடையில் வாங்கலாம், வாய் தேயாது, மரம்போல் வீங்காது. பல தச்சர்கள் ஒரு இரும்பு இழைப்புளியைப் பழைய மர இழைப்புளிகளோடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள். அப்போதும் கைத்தொழில் மாறவில்லை.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஊர் மனிதர் வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டது. துறைமுகமும் இலங்கைக்கான கப்பல் போக்குவரத்தும் அங்கே முடிந்தன. அவற்றை நம்பியிருந்த மரவேலையும் குறைந்தது. 1914இல் ரயில் பாலம் வந்திருந்தாலும் ராமேஸ்வரம் தீவுக்குச் சாலைப் பாலம் திறந்தது 1988இல்தான். அதன்பின் லாரியில் ஒட்டுப்பலகையும் ஆலையில் செய்த கதவும் தடையின்றித் தீவுக்குள் வந்தன.

பசையும் மாறியது. விலங்குத் தோலும் எலும்பும் காய்ச்சிய வச்சிரத்தைச் சூடாக்கித் தடவிய பட்டறைகளில், 1959இல் அறிமுகமான ஃபெவிகால் இடம்பிடித்தது. ஜப்பானில் மகிட்டா நிறுவனம் 1958இல் கையடக்க மின் இழைப்பானை வெளியிட்டது. அந்த வகைக் கருவி நம் ஊர்த் தச்சர்களின் கைக்குப் பரவலாக வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின. வந்தபின் அதை யாரும் கீழே வைக்கவில்லை. ஒரு காலை முழுக்க இருவர் தள்ளி இழுத்த வேலையை ஒருவர் சில நிமிடங்களில் முடித்தார்.

கடலில் நடந்த மாற்றம் இன்னும் ஆழமானது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. கண்ணாடியிழைப் படகுகள் இக்கடற்கரையில் பரவ அது போன்ற முயற்சிகள் வழி திறந்தன. 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பின் நிவாரணமாகக் கொடுக்கப்பட்ட படகுகளால் அவை தமிழகக் கரையெங்கும் பெருகின. கண்ணாடியிழைப் படகு அச்சில் வார்க்கப்படுவது. அதற்கு விளிம்பு இழைக்க வேண்டியதில்லை, திரி அடைக்க வேண்டியதில்லை. பலகைக்கு வேண்டிய அயினி மரத்துக்குக் கேரளத்தை நம்ப வேண்டியிருந்து, அதன் விலையும் ஏறிக்கொண்டே போனபோது, மீனவர் கண்ணாடியிழைக்கு மாறியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இன்று: மிஞ்சியிருப்பது

மரப்படகு முழுவதும் மறைந்துவிடவில்லை. பாம்பன், ராமேஸ்வரம், மண்டபம் துறைகளில் நிற்கும் விசைப்படகுகளில் மர உடல் கொண்டவை இன்றும் இருக்கின்றன. மீன்பிடித் தடைக்காலம் தமிழ்நாட்டில் 2001இல் தொடங்கியது. 2017 முதல் அது ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் நீடிக்கிறது. அந்த நாட்களில் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். கெட்ட பலகையை அறுத்தெடுத்துப் புதுப் பலகை பொருத்தும் தச்சர்களின் கைக்கு ஆண்டில் அதிக வேலை வரும் காலம் அதுதான். மின் இழைப்பான்தான் வேலையின் பெரும்பகுதியைச் செய்கிறது. எட்டாத மூலையிலும் கடைசிப் பொருத்தத்திலும்தான் கை இழைப்புளி வெளியே வருகிறது. அதை எடுப்பவர் பெரும்பாலும் வயதானவர்.

ஊருக்குள் கதவு வேலை வேறு பாதையில் போய்விட்டது. குளியலறைக்குப் பிளாஸ்டிக் கதவு, அறைகளுக்கு ஆலைக் கதவு, சமையலறைக்கு அளவெடுத்து வந்து மாட்டும் அலமாரி. தச்சர் என்று அழைக்கப்படுபவரின் வேலையில் பெரும்பகுதி அறுப்பதும் ஒட்டுவதும் திருகு போடுவதுமாக மாறிவிட்டது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தச்சர் குடும்பங்களின் இழைப்புளிகள் அழகுப் பொருளாக விற்கின்றன. வாங்குபவர் அதை வரவேற்பறையில் வைக்கிறார்.

நடந்த மாற்றத்தின் நன்மையை மறைப்பது நியாயமாகாது. நாள் முழுக்கக் குனிந்து இழைத்தவர்களின் முதுகும் தோளும் என்ன பாடுபட்டன என்பதை அந்தக் குடும்பங்கள் அறியும். கூலி குறைவு. வேலை கற்கும் பையன் ஆண்டுக்கணக்கில் சாப்பாட்டுக்கும் சில்லறைக்கும் உழைத்தான். தொழில் பெரும்பாலும் பிறப்பால் வந்தது. வெளியாள் கற்க வழி அரிது, பெண்கள் கற்க வழியே இல்லை. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனது மகிழ வேண்டிய விஷயம்.

இழந்தது வேறொன்று. தன் கருவியைத் தானே செய்பவருக்கு மரத்தின் குணம் உள்ளும் புறமும் தெரிந்துவிடுகிறது. நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த மரம் எப்போது வீங்கும், எஃகு எவ்வளவு கடினமானால் முனை உதிரும் என்பதெல்லாம் ஒரு இழைப்புளி செய்யும்போதே கற்கப்படும் பாடங்கள். கருவியை விலைக்கு வாங்கத் தொடங்கியபோது அந்தப் பாடம் நின்றது. கருவி பழுதானால் தூக்கி எறிவது வழக்கமானது.

இன்று: வீட்டுப் பட்டறையில்

இழைப்புளி செய்வது உலகின் பல இடங்களில் இன்று புத்துயிர் பெற்றிருக்கிறது. சைபீரியாவில் 1920இல் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜேம்ஸ் கிரெனோவ் என்ற மரக்கலைஞர் அதற்கு ஒரு பெரும் காரணம். 1981இல் கலிபோர்னியாவில் ஒரு மரவேலைப் பள்ளி தொடங்கப்பட அவரே காரணமாக இருந்தார். அங்கு வந்த மாணவர்கள் சாமான் செய்யும் முன் தங்கள் இழைப்புளியைத் தாங்களே செய்தார்கள். அவர் பரப்பிய முறை வீட்டில் செய்வதற்கு எளிது. முழுக் கட்டையை உளியால் குடைவதற்குப் பதிலாக, அதன் இரு பக்கங்களையும் பலகையாக அறுத்தெடுத்துவிட வேண்டும். நடுவில் நிற்கும் கட்டையில் பின்பக்கச் சரிவை 45 பாகையிலும், சீவல் வெளியேறும் முன்பக்கச் சரிவை 60 பாகைக்கும் சற்றுக் கூடுதலாகவும் ரம்பத்தால் அறுத்து வழுவழுப்பாக்க வேண்டும். ஆப்பைத் தாங்க ஒரு குறுக்குக் கட்டையை வைத்து, பக்கப் பலகைகளை மீண்டும் அதே இடத்தில் ஒட்ட வேண்டும். ஒரே மரத்தின் துண்டுகள் என்பதால் ஒட்டு கண்ணுக்குத் தெரியாது. ஒட்டுவதற்கு முன்பே எல்லாச் சரிவுகளும் கைக்கு எட்டும் நிலையில் இருப்பதால் புதியவரும் துல்லியமாகச் செய்யலாம்.

இங்கேதான் ராமநாதபுரத்துக்கென்று ஒரு வாய்ப்பு இருக்கிறது. கடந்த நூற்றாண்டின் நடுவில் விறகுக்காகப் பரப்பப்பட்ட சீமைக் கருவேலம் இன்று கண்மாயையும் தரிசையும் மூடி நிற்கிறது. அதை அகற்றும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டதும், 2022இல் தமிழக அரசு அயல் படர் தாவரங்களுக்கான கொள்கையை வெளியிட்டதும் நாம் அறிந்தவை. வெட்டிய மரம் பெரும்பாலும் கரிமூட்டத்துக்குப் போகிறது. இதன் கட்டை கடினமானது, கனமானது. காயும்போது சுருங்குவது மற்றப் பல மரங்களைவிட மிகக் குறைவு. இதே பேரினத்தைச் சேர்ந்த மெஸ்கீட் மரத்தை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நாற்காலிக்கும் தரைப் பலகைக்கும் விரும்பி வாங்குகிறார்கள். நம் ஊர் மரம் வளைந்தும் குட்டையாகவும் வளர்வதால் கதவுக்கோ உத்தரத்துக்கோ ஆகாது. ஓர் அடி நீளமும் மூன்று அங்குல அகலமும் மட்டும் வேண்டிய இழைப்புளிக்கு முற்றிய அடிமரத்தில் ஒரு நேர்த் துண்டு போதும்.

பச்சைக் கட்டையில் தொடங்கினால் எல்லாம் கெடும். அறுத்த உடனே இரு முனைகளிலும் மெழுகோ வண்ணமோ பூசிவிட வேண்டும். முனை வழியே ஈரம் வேகமாக வெளியேறினால் வெடிப்பு விழும். வெயிலில் போடாமல், காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு என்பது உலகெங்கும் தச்சர்கள் சொல்லும் கணக்கு. மாதம் ஒரு முறை எடை போட்டு எழுதி வையுங்கள். எடை குறைவது நின்றால் கட்டை தயார்.

தகட்டுக்குப் பழைய வண்டியின் பட்டை ஸ்பிரிங் நல்ல எஃகு. அதை வெட்டி, தேய்த்து வடிவாக்கி, செந்நிறமாகும்வரை சூடாக்க வேண்டும். காந்தம் ஒட்டாத நிலைக்கு வந்து, அதற்கும் சற்று மேலே சூடு ஏறியதும் எண்ணெயில் அமிழ்த்த வேண்டும். இப்படிக் கடினமாக்கியது கண்ணாடிபோல் நொறுங்கும். எனவே மீண்டும் ஏறக்குறைய 200 பாகை செல்சியஸில் பதப்படுத்த வேண்டும். மேற்பரப்பில் வைக்கோல் நிறம் படர்ந்தால் பதம் வந்துவிட்டது என்று அறியலாம். தனியாக முயல வேண்டாம், ஊரில் உலை வைத்திருக்கும் கொல்லரிடம் போங்கள். முனையை 25 முதல் 30 பாகைக்குள் தீட்டுங்கள். கடைசியில் தட்டையான கண்ணாடிப் பலகையின் மேல் உப்புத்தாளை ஒட்டி இழைப்புளியின் அடியைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். அப்போது தகட்டை வெளியே தெரியாதபடி உள்ளே இழுத்து, ஆப்பை இறுக்கியே தேய்க்க வேண்டும். இறுக்கம் கட்டையைச் சற்று வளைப்பதால், ஆப்பு இல்லாமல் சமமாக்கிய அடி ஆப்பு வைத்தபின் சமமாக இருக்காது.

நம் கடற்கரையில் மர இழைப்புளிக்கு ஒரு தனி நன்மை உண்டு. உப்புக் காற்றில் இரும்பு இழைப்புளியின் அடி சில நாளிலேயே துருப்பிடிக்கிறது. மரத்துக்கு அந்தப் பயம் இல்லை. தகட்டை மட்டும் வேலை முடிந்ததும் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தால் போதும். வடகிழக்குப் பருவமழை வரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கட்டை சற்று வீங்கும், கோடையில் சுருங்கும். வேலை முடிந்ததும் ஆப்பைத் தளர்த்தி வைப்பது பழைய தச்சர்கள் கடைப்பிடித்த வழக்கம். சுருங்கும் கட்டையில் இறுகிய ஆப்பு இருந்தால் கட்டையே பிளந்துவிடும்.

வீட்டுக்குள் வேலை செய்பவருக்கு இன்னொரு காரணமும் உண்டு. மின் இழைப்பான் மரத்தைத் தூளும் துகளுமாக எறிகிறது. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் வகைப்படுத்தியது. கை இழைப்புளியிலிருந்து விழுவது சுருள். அது காற்றில் மிதக்காது, குழந்தை தூங்கும் அறைக்கு அடுத்த அறையிலும் வேலை செய்யலாம்.

செய்ய வேண்டியது

தமிழக அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 25 தொழில்களை எடுத்துக்கொண்டு, 3 லட்சம் ரூபாய் வரை கடனும் அதில் அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் தருகிறது. தச்சுக்கும் படகு கட்டுவதற்கும் அதில் இடமுண்டு. கருவி வாங்கப் பணம் கொடுப்பது நல்லது. கருவி செய்யக் கற்றுக்கொடுப்பதும் அதோடு சேர வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையங்களில் மரவேலை கற்கும் மாணவர் ஒவ்வொருவரும் தன் பயிற்சிக் காலத்துக்குள் ஒரு இழைப்புளியைத் தானே செய்து முடிக்கலாம். கட்டை கரிமூட்டத்துக்குப் போகும் மரத்திலிருந்து வரும். எஃகு பழைய இரும்புக் கடையிலிருந்து வரும். கற்றுத்தர இன்னும் கடற்கரை ஊர்களில் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஒரு வாரம் வகுப்புக்கு அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து உட்கார வைத்தால் போதும்.

மீன்வளத் துறையோ அருங்காட்சியகத் துறையோ இன்னொன்றும் செய்யலாம். இக்கடற்கரைப் படகுத் தச்சர்களின் இழைப்புளிகளை அளவெடுத்து, வரைந்து, எந்த வேலைக்கு எது என்று அவர்கள் வாயாலேயே பதிவு செய்து வைக்கலாம். கருவியை மட்டும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் பயன் இல்லை. அதன் சரிவு என்ன, வாய்ச் சந்து எவ்வளவு, எந்த மரம் என்பது பதிவானால்தான் நாளை ஒருவர் அதை மீண்டும் செய்ய முடியும்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் இழைப்புளி ஒன்று கிடக்கலாம். பழைய சாமானோடு அதை எடைக்குப் போடாதீர்கள். தூசி தட்டி எடுத்து, தகட்டைத் தீட்டி, ஒரு பலகையில் தள்ளிப் பாருங்கள். ஓடவில்லையென்றால் தெருவில் இருக்கும் வயதான ஆசாரியிடமோ ஓடாவியிடமோ கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் சரி செய்து தரும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், உங்கள் வீட்டுப் பிள்ளையையும் உட்கார வையுங்கள், பெண் பிள்ளையானாலும் ஆண் பிள்ளையானாலும். அவருக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் முழுதாக எழுதப்படவில்லை. அவர் இருக்கும்போதே கற்றுக்கொள்ள வேண்டும்.